கல்வியில் நீதியும் கணிப்பொறியின் போலச்செய்தலும்

நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரை மணலில் சிற்றில் இழைத்து விளையாடியதைச் சங்கச் சான்றோர் பலபடப் பாடியுள்ளனர். அச்சிறு வீட்டில் அடுப்பு உண்டு. ஆயினும் அது சுடுவதில்லை. மணற்சோறு குழைந்துபோயினும் பசித்திருப்பார் எவரும் இலர். அலைவந்து வீட்டை அழித்தாலும் குடியிழந்தார் எவரும் இலர். உண்மை வாழ்வில் செய்து பார்த்தால் பெருந்தீங்கு விளையக்கூடிய ஒன்றைச் சிறிய அளவில், எவர்க்கும் இடரின்றிச் செய்து பார்த்தலே அவ்விளையாட்டின் நுட்பம். இக்காலத்து அறிவியலார் கணிப்பொறியில் நிகழ்த்தும் ஒருவகை ஆராய்ச்சியும் இத்தகையதே. (காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இன்று சிற்றில் இழைக்க மணல் எங்கே என்று மாணவர் கேட்கலாம். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரையே அங்கே நீண்டு கிடக்கிறது. அக்கரை இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வரும்.)

ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' என வழங்கும் இம்முறையைத் தமிழில் 'உருவகப்படுத்தல்' என்று எழுதுவாரும் உளர். தண்டியலங்காரம் கற்றோர்க்கு உருவகம் என்பது ஓர் அணி. ஆதலின் அச்சொல் மயக்கம் தரும். 'போலச்செய்தல்' என்னும் எளிய சொல்லே நமக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. ஒரு விதியை எடுத்துக்கொள்வது. அவ்விதிக்கு உட்படும் மாந்தரைப் போலக் கற்பனை மாந்தர் சிலரை அமைத்துக்கொள்வது. விதியை அவர்கள்மீது ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை நடத்திப் பார்ப்பது. யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எண்ணுவது. இவ்வளவே போலச்செய்தல். கணிப்பொறி இதில் செய்யும் வேலை, சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்தல் ஒன்றே.

கணிப்பொறி இன்றியும் இதனைத் தொடங்கலாம் என்பதற்கு அமெரிக்கப் பொருளியலறிஞர் தாமஸ் ஷெல்லிங் சான்றாவார். 1971இல் வெளியிட்ட ஆய்வொன்றில் அவர் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இருவகைக் காய்களைக் கலந்து பரப்பினார். தன்னைச் சூழ்ந்துள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கேனும் தன் இனமாக இருந்தால் ஒரு காய்க்குப் போதும். அதனினும் குறைந்தால் அது வேறிடம் தேடும். இவ்வளவு சிறிய விருப்பந்தான். ஆயினும் சில சுற்றுகளில் பலகை இரண்டு தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்து போயிற்று. பிரிய வேண்டும் என்று எந்தக் காயும் எண்ணவில்லை. நம் வட்டாரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளி ஐந்தாறு ஆண்டுகளில் வெறுமையாவதைக் கண்டோர்க்கு இது புதிதாயிராது. பள்ளியை மூட வேண்டும் என்று எந்தத் தாயும் நினைத்ததில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை போன இடத்திற்குத் தன் பிள்ளையும் போகட்டும் என்றே ஒவ்வொருவரும் நினைத்தனர். ஷெல்லிங் 2005இல் நோபல் பரிசு பெற்றார்.

பந்திக்கு முந்தியோர்

தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவார்க்கு நம் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டே விடை கூற வேண்டியுள்ளது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளைச் சேர்ந்த பெரியோர் சிலர் கூடி நடத்தும் உதவித்தொகைக் குழு ஒன்று உண்டு. பெயர் ஈண்டு வேண்டா. ஆண்டுதோறும் பத்து மாணவர்க்குக் கல்லூரிக் கட்டணம் வழங்குவர். அப்பத்தில் மூன்று இடங்கள், வீட்டில் பட்டதாரியே இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. மதிப்பெண் வரிசைப்படி தேர்வுப் பட்டியல் ஆயத்தம் செய்யும் பணி பல ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகிறது. நாம் அதனை மிகுந்த நல்லெண்ணத்துடன் செய்தோம். எளியோரை முதற்பந்தியில் அமர்த்துவதே முறை என்று கருதி, முதலில் முதல் தலைமுறையினருள் முன்னிற்கும் மூவர்க்கு ஒதுக்கீட்டு இடங்களை அளித்தோம். பின்னர் எஞ்சிய ஏழு இடங்களை, எஞ்சிய அனைவர்க்கும் பொதுவாக வைத்து மதிப்பெண்படி நிரப்பினோம்.

ஓராண்டு அப்பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்ற நம் கல்லூரிக் கணிப்பொறித்துறை மாணவன் ஒருவனிடம் தந்தோம். மறுநாள் அவன் தயங்கித் தயங்கி வந்து, "சார், அந்த மூன்று இடத்தை ஒதுக்காமலே போட்டாலும் இதே பத்துப் பேர்தான் வருகிறார்கள், நான் ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டேனா?" என்றான். அவன் தவறு செய்யவில்லை.

மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துத் தாமே செய்து பார்க்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறோம். விண்ணப்பித்தோர் இருபதின்மர், மதிப்பெண்படி 1 முதல் 20 வரை நிற்கின்றனர். அவருள் முதல் தலைமுறையினர் எண்மர். அவர்தம் வரிசை எண்கள் 2, 5, 9, 12, 14, 16, 18, 20 எனக் கொள்வோம். இடங்கள் பத்து, ஒதுக்கீடு மூன்று.

முதலில் ஒதுக்கீடே இல்லை எனக் கொள்க. 1 முதல் 10 வரை உள்ளோர் இடம்பெறுவர். அவருள் முதல் தலைமுறையினர் 2, 5, 9 ஆகிய மூவர்.

இனி நாம் செய்துவந்த முறை. ஒதுக்கீட்டு இடங்கள் முதலில் நிரம்புகின்றன: 2, 5, 9. எஞ்சிய ஏழு பொது இடங்கள் 1, 3, 4, 6, 7, 8, 10 ஆகியோர்க்குச் செல்கின்றன. கூட்டிப் பார்த்தால் மீண்டும் அதே 1 முதல் 10 வரை. ஒதுக்கீடு என்ற பெயர் இருந்தது, பொருள் இல்லை.

வரிசையை மாற்றுக. பொது இடங்கள் ஏழும் முதலில் நிரம்பட்டும்: 1 முதல் 7 வரை. இவருள் 2, 5 ஆகிய இருவரும் தம் மதிப்பெண்ணாலேயே வந்துவிட்டனர். பின்னர் ஒதுக்கீட்டு இடங்கள் மூன்றும் 9, 12, 14 ஆகியோரைச் சேர்கின்றன. இப்போது முதல் தலைமுறையினர் ஐவர்.

விதியில் ஒரு சொல்லும் மாறவில்லை. பத்தும் மூன்றும் அவ்வாறே உள்ளன. எதை முதலில் செய்வது என்பது ஒன்றே மாறியது. இரண்டு பிள்ளைகளின் கல்வி மாறிவிட்டது. தம் திறத்தாலேயே பொதுவில் வெல்லக்கூடிய மூவரை ஒதுக்கீட்டில் அமர்த்திவிட்டால், ஒதுக்கீட்டை நம்பி நின்ற மூவர்க்கு இடம் ஏது? பந்திக்கு முந்தச் சொன்னது நாம். இலை கிடைக்காமற் போனது அவர்களுக்கு.

பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தோம். ஆறு ஆண்டுகளின் பட்டியல் கிடைத்தது. அவற்றுள் நான்கில், ஒதுக்கீடு இருந்தும் இல்லாததும் ஒன்றாகவே இருந்தது. மற்ற இரண்டில் ஓரிடம் மட்டும் வேறுபட்டது. அவ்வேடு ஒன்றில் 12ஆம் வரிசையில் ஒரு பெயர். காசிமேட்டில் பனிக்கட்டி சுமக்கும் தொழிலாளியின் மகன். வகுப்பில் அளபெடையைப் பிழையின்றிச் சொன்ன பையன் என்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட இயலாமல் நின்றுவிட்டு, கன்டெய்னர்கள் அடுக்கும் களம் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டான் என்பதும் நினைவுக்கு வந்தது. அவனை எவரும் வஞ்சிக்கவில்லை. பட்டியலில் கையொப்பம் நம்முடையது.

இத்தவறு நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிந்தபோது சிறிது ஆறுதலும் பெரிதும் வியப்பும் உண்டாயின. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1999 முதல் ஒவ்வொரு பள்ளியிலும் பாதி இடங்கள், அப்பள்ளிக்கு நடந்து வரத்தக்க தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. நகரத்தார் பல்லாண்டுகள் இதைப் பற்றி வாதிட்டனர். பாதி மிகுதி என்றனர் சிலர், போதாது என்றனர் சிலர். பராக் பதக், தைஃபூன் சோன்மெஸ் முதலிய ஆய்வாளர் உண்மையான விண்ணப்பங்களையே எடுத்துக்கொண்டு வெவ்வேறு வரிசைகளில் இடங்களை மீண்டும் மீண்டும் கணிப்பொறியில் நிரப்பிப் பார்த்தனர். ஒதுக்கீட்டுப் பாதியை முதலில் நிரப்பியதனால், அவ்வொதுக்கீடு இருந்தும் ஏறக்குறைய இல்லாதது போலவே ஆகியிருந்தது. இத்தனை ஆண்டு நடந்த வாதம் இல்லாத பொருளைப் பற்றியதாயிற்று. உண்மை வெளிப்பட்டபின் 2013இல் அந்நகரப் பள்ளிக் குழு அவ்வொதுக்கீட்டையே கைவிட்டது.

நம் நாட்டில் இவ்வரிசையின் நுட்பம் நீதிமன்றங்களால் முன்னரே உணரப்பட்டது. 1992ஆம் ஆண்டின் இந்திரா சஹானி வழக்குத் தீர்ப்பிலேயே, தம் தகுதியால் பொது இடம் பெறும் பிற்படுத்தப்பட்டோரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்த்தல் கூடாது என்பது தெளிவாக்கப்பட்டது. 2020இல் சௌரவ் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை மீண்டும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என அமைந்தது. எஞ்சிய 31 விழுக்காடு எவர்க்கும் உரிய பொது இடம். அதனைப் 'பிறருக்குரிய இடம்' என்று மயங்குவோர் நம் சமுதாயத்திலும் உளர். 2007இல் சட்டமான 3.5 விழுக்காட்டை மட்டும் எண்ணிக்கொண்டு, பொது இடத்தில் வென்ற நம் பிள்ளைகளை அக்கணக்கில் சேர்த்துப் பேசுவோர் மேற்சொன்ன எடுத்துக்காட்டை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நன்று.

ஆறு சீட்டுகள்

வரிசை ஒருபுறமிருக்க, வரிசைக்கு அடிப்படையான மதிப்பெண்ணைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். ஒரே திறனுடைய இருவர் ஒரே தேர்வை எழுதினால் ஒரே மதிப்பெண் பெறுவதில்லை. அன்றைய உடல்நிலை, அமைந்த வினாக்கள், முந்திய இரவின் உறக்கம் எனப் பல காரணங்களால் மதிப்பெண் ஏறியும் இறங்கியும் வரும். இந்த ஏற்ற இறக்கம் அனைவர்க்கும் பொதுவாதலின் நீதிக்கு இதனால் குறையில்லை என்பர். ஒருவன் ஒருமுறையும் மற்றவன் இருமுறையும் எழுதக்கூடுமாயின்?

இதனை இளங்கலை மாணவர் முப்பத்தறுவரைக் கொண்டு வகுப்பறையிலேயே போலச்செய்தோம். பகடை உருட்டினால் எளிது. ஆனால் பந்தயம் இல்லையாயினும் பகடையை வகுப்பறைக்குள் கொண்டுவர மனம் ஒப்பவில்லை. 1 முதல் 6 வரை எழுதிய ஆறு சீட்டுகளை ஒரு குவளையில் இட்டோம். 'ஒருமுறை எழுதும் மாணவன்' ஒரு சீட்டு எடுப்பான். அதுவே அவன் மதிப்பெண். 'மறுமுறை எழுதும் மாணவன்' ஒரு சீட்டு எடுத்து, அதைக் குவளையில் இட்டுக் குலுக்கி மீண்டும் ஒன்று எடுப்பான்; இரண்டில் பெரியது அவன் மதிப்பெண். இருவர்க்கும் குவளை ஒன்றே, சீட்டுகள் ஒன்றே, அதாவது திறன் ஒன்றே. மாணவர் முப்பத்தறுவரும் ஆளுக்கு ஆறுமுறை இவ்வாறு செய்ய, 216 போட்டிகள் நடந்தன.

கணக்கின்படி 216இல் மறுமுறை எழுதுவோன் வெல்வது 125, சமம் 36, ஒருமுறை எழுதுவோன் வெல்வது 55. நம் வகுப்பில் கிடைத்தவை முறையே 119, 41, 56. கணக்கோடு முற்றும் ஒவ்வாமைக்கு மாணவர் வருந்தினர். வருந்த வேண்டுவதில்லை; குறைந்த முறை செய்தால் இவ்வாறே தள்ளாடும். கணிப்பொறியில் பத்தாயிரம் முறை நடத்தியபோது மறுமுறை எழுதுவோன் வெற்றி நூற்றுக்கு 58ஐ ஒட்டி நின்றது. ஒருமுறை எழுதுவோனுக்கு 25. திறனில் அணுவளவும் வேறுபாடு இல்லாத இருவர்க்கிடையே, கையில் இன்னோர் ஆண்டுச் செலவுக்குப் பணம் உண்டா இல்லையா என்பது மட்டும் செய்த வேறுபாடு இது.

தமிழ்நாட்டில் 1984 முதல் நடந்துவந்த தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டதையும், 2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்ததையும் அனைவரும் அறிவர். அதன் விளைவை ஆராய 2021இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தோருள் மறுமுறை முயன்றோர் 2016-17இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21இல் ஏறத்தாழ 71 விழுக்காடு. நம் ஆறு சீட்டுகள் நீட்டைப் பற்றி எதையும் மெய்ப்பிக்கவில்லை. பயிற்சியால் அறிவு வளர்வதும் உண்டே. ஆயினும் அறிவு சிறிதும் வளராவிடினும் மறுமுறை என்பதே ஒரு சொத்து என்பதைக் குவளை காட்டிவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாகி, அவ்வாண்டே நானூறுக்கு மேற்பட்டோர் மருத்துவ, பல் மருத்துவ இடங்களைப் பெற்றனர். அவ்வெண்ணிக்கையைப் பெருங்கருணை என்று மட்டும் கருதுவோர் குவளையில் கையிட்டுப் பார்க்கலாம்.

கடலில் விழுந்த பாதி வட்டம்

மதிப்பெண்ணையே விட்டுவிட்டுத் திருவுளச் சீட்டுப் போட்டால் நீதி நிலைத்துவிடுமோ? இவ்வினாவுக்குத் தமிழகம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய விடை வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகள், வெறுங்குடம் என்று யாவரும் காண எடுத்துக் காட்டிய பின் ஓலையிடுதல், ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தல். இதனினும் நடுநிலையான முறையை இன்றைய கணிப்பொறியாலும் செய்ய இயலாது. நம் பொறியியல் சேர்க்கையில் மதிப்பெண்ணும் பிறந்த நாளும் பிறவும் ஒத்துவிட்ட மாணவரைப் பிரிக்க வழங்கப்படும் 'சமவாய்ப்பு எண்' இக்குடவோலையின் பேரப்பிள்ளை எனலாம்.

ஆனால் அதே கல்வெட்டு, குடத்துள் யார் பெயர் இடலாம் என்பதையும் கூறுகிறது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். ஓலை எடுத்த கை நடுநிலையானது. எடுப்பதற்கு முன்பே ஊரில் பெரும்பாலோர் குடத்துக்கு வெளியே நின்றனர்.

இன்று ஒரு குடம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு வழங்க வேண்டும். விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். தமிழ்நாட்டில் வகுத்த விதிப்படி, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருப்போரே விண்ணப்பிக்கலாம். ஒரு கிலோமீட்டர் என்பது அனைவர்க்கும் ஒன்றே. இதில் என்ன குறை என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

நம் மாணவர் சிலர் சென்னை வரைபடம் ஒன்றை விரித்துக் கவராயம் கொண்டு வட்டம் வரைந்தனர். அண்ணா நகரில் ஒரு வீட்டை நடுவாக வைத்து வரைந்த வட்டம் முழுதும் தெருக்களாக இருந்தது, பரப்பு 3.14 சதுர கிலோமீட்டர். காசிமேட்டுக் கரையோரத்து வீட்டை நடுவாக வைத்து வரைந்தனர். வட்டத்தின் பாதி கடலில் விழுந்தது. எஞ்சியது 1.57. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வைத்தனர். கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம். மேற்கே தள்ளித் தள்ளி நடுப்புள்ளியை வைத்தாலும் தொழிற்சாலை மதில்களும் சரக்கு இருப்புப்பாதையும் வட்டத்தை விழுங்கின. மீன் பள்ளிக்கூடம் நடத்துவதில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், கரையோரப் பிள்ளைக்குக் கைநீட்டக் கிடைக்கும் குடங்களே குறைவு. பத்துப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் குழந்தையையும் இரண்டு பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் குழந்தையையும் கணிப்பொறியில் போலச்செய்து குலுக்கினால், ஒவ்வொரு குலுக்கலிலும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று எனக் கொண்டால்கூட, முன்னதற்கு ஓரிடமேனும் கிடைப்பது நூற்றுக்கு 89, பின்னதற்கு 36.

இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டத்திலிருந்து 2014இல் உச்சநீதிமன்றம் விலக்களித்துத் தீர்ப்புரைத்தது. சிறுபான்மையினர் உரிமை காக்கப்பட வேண்டியதே. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் ராயபுரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் சிறுபான்மைப் பள்ளிகள் பல இருத்தலின், பாதி வட்டத்திற்குள் எஞ்சிய குடங்கள் இன்னும் குறைகின்றன. இதைச் சொல்ல வேறு எவரும் முன்வரப் போவதில்லை என்பதால் நாமே சொல்லிவைக்கிறோம்.

போலச்செய்தல் ஆராயும் கருவியாக இருக்கும்வரை நன்மையே. தீர்ப்பு வழங்கும் கருவியாக அதனை மாற்றினால் என்னாகும் என்பதை இங்கிலாந்து கண்டது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் அங்கே பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர் மதிப்பிட்டுத் தந்த தரங்களை, அப்பள்ளி முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளைக் கொண்டு கணிப்பொறி திருத்தியது. ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தரங்கள் தாழ்த்தப்பட்டன. முன்பு எவரும் உயர்தரம் பெறாத பள்ளியில் இவ்வாண்டு தோன்றிய நன்மாணாக்கன், தான் காணாத மூத்தோரின் குறைக்காகத் தரமிழந்தான். மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் தந்த தரமே ஏற்கப்பட்டது. அத்தகைய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளிலேயே மிகுதி. மாணவர் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 13இல் வெளியான முடிவு 17இல் திரும்பப் பெறப்பட்டது. எண்ணூரில் ஓர் அரசுப் பள்ளியின் வரலாற்றிலேயே முதன்முதலாக ஒரு பெண் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தால், அந்தக் கணிப்பொறி அவளை நம்பியிருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகைக் குழுவின் கூட்டத்தில் நம் தவற்றை எடுத்துரைத்த நாளைச் சொல்லி முடிக்கலாம். இருபது பெயர்களுக்கு இருபது சீட்டுகளை மேசைமீது பரப்பி, வரிசையை மாற்றி மாற்றி இருமுறை செய்து காட்டினோம். "மதிப்பெண் கூடுதலாக வாங்கியவன் வெளியே போகிறானே, இது நியாயமா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நேரானது. 8ஆம், 10ஆம் வரிசையினர் இடமிழப்பதும் உண்மையே. அவ்விருவர்க்கா, 12ஆம், 14ஆம் வரிசையினர்க்கா என்பதைச் சீட்டுகள் சொல்லமாட்டா. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். இத்தனை ஆண்டு அந்தத் தெரிவு தம் முன் இருப்பதே தெரியாமல் கையொப்பமிட்டு வந்தோம் என்பதை மட்டும் சீட்டுகள் காட்டின.

துறைமுகத்தில் நாற்பதாண்டு டாலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஹாஜியார் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பின்னர், "கப்பலில் எந்தச் சரக்கை முதலில் ஏற்றுகிறோமோ அது அடியில் போய்விடும், கடைசியில்தான் வெளியே வரும். ஏற்றுகிற வரிசை தெரியாமல் எண்ணிக்கை மட்டும் எழுதி என்ன பயன்?" என்றார். நாம் ஒரு மணிநேரம் விளக்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பொது இடங்களை முதலில் நிரப்புவது என்று அன்றே தீர்மானமாயிற்று.

எழுந்து செல்லும்போது அவரே திரும்பி நின்று, மேசைமீதிருந்த இருபது சீட்டுகளைக் காட்டி, "வாத்தியாரே, மனுவே போடாத பிள்ளை இதில் எந்தச் சீட்டு?" என்று வினவினார்.

அதற்கு நம்மிடம் சீட்டு இல்லை. அடுத்த வெள்ளியன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின், மனுத்தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் நாமும் அந்தக் கணிப்பொறித்துறை மாணவனும் காசிமேட்டுக்குச் சென்றோம். முதலில் சென்று கதவைத் தட்டியது, பழைய ஏட்டில் 12ஆம் வரிசையில் நின்ற பையனின் வீடு. அவன் வேலைக்குச் சென்றிருந்தான். அவனுக்கு ஒரு தங்கை உண்டு என்பதும், அவ்வாண்டு மேனிலைத் தேர்வு எழுதியிருந்தாள் என்பதும் அப்போதுதான் நமக்குத் தெரியவந்தது.